குட்டிப் பாம்பு இரை எடுக்க மறுத்தால்: முழுமையான வழிகாட்டி

புதிதாக வாங்கிய குட்டிப் பாம்பு முதல் இரையைத் தொடவில்லை என்றால் பலரும் மறுநாளே வேறு இரையை வாங்கிவந்து நீட்டுகிறார்கள். அதையும் தொடவில்லையா, அதற்கடுத்த நாள் உயிருள்ள எலி. நான்காம் நாள் பாம்பைக் கையில் எடுத்து வாயைத் திறந்து பார்க்கும் வேலை தொடங்கிவிடும். பாம்பின் பக்கமிருந்து பார்த்தால், புது இடத்துக்கு வந்த நாளிலிருந்து ஒரு பெரிய மிருகம் தினமும் கையை விட்டுத் துழாவுகிறது. அது எப்படி இரை எடுக்கும்?

இந்த வழிகாட்டியின் வரிசை இதுதான்: முதலில் பெட்டியைச் சரிசெய்ய வேண்டும். அது சரியான பிறகு இரையை மாற்றிப் பார்க்கலாம். பாம்பின் உடலில் கை வைப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில். என் அனுபவத்தில், மறுக்கும் குட்டிகளில் பெரும்பாலானவை முதல் கட்டத்திலேயே சாப்பிடத் தொடங்கிவிடும். மூன்றாம் கட்டம் வரை போக வேண்டியவை மிகக் குறைவு.

இரண்டு பாம்புகளை மனதில் வைத்து எழுதுகிறேன். ஒன்று அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களைச் சேர்ந்த கார்ன் ஸ்நேக். இன்னொன்று மேற்கு ஆப்பிரிக்காவின் பால் பைத்தான், பயந்தால் பந்துபோல் (ball) சுருண்டுகொள்ளும் சின்ன மலைப்பாம்பு வகை; கானா, டோகோ, பெனின் பக்கத்திலிருந்து உலகம் முழுக்கப் போனது. வீடுகளில் அதிகம் வளர்க்கப்படும் பாம்புகளில் இவை இரண்டும் முன்வரிசை. ஆனால் சாப்பிட மறுக்கும் காரணம் இரண்டுக்கும் ஒன்றல்ல, அதனால் வைத்தியமும் ஒன்றல்ல.

சட்டம் பற்றி இரண்டு வரி. மழைக்காலத்தில் வீட்டுக்குள் வரும் சாரைக் குட்டியையோ நீர்க்கோலிக் குட்டியையோ பிடித்து வளர்க்கும் ஆசை சிலருக்கு வருகிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வைத்திருப்பது குற்றம். வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள். பால் பைத்தான், உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் இருப்பதால், 2022 சட்டத் திருத்தமும் 2024 விதிகளும் வந்த பிறகு இந்தியாவில் அதை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். சிங்கப்பூரில் எந்தப் பாம்பையும் செல்லப்பிராணியாக வளர்க்க அனுமதி இல்லை. மற்ற நாடுகளில் இருப்பவர்கள் அந்தந்த ஊர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: மறுக்கிறதா, இன்னும் நேரம் வரவில்லையா?

முட்டையிலிருந்து வெளிவந்த குட்டியின் வயிற்றில் மஞ்சள் கரு கொஞ்சம் மிச்சமிருக்கும். முதல் சில நாட்களை அதை வைத்தே ஓட்டிவிடும். ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் முதல் சட்டையை உரிக்கும். அதன் பிறகுதான் பசி எடுக்கும். முதல் சட்டை உரிக்காத குட்டிக்கு இரை நீட்டி, "சாப்பிடவில்லை" என்று கவலைப்படுவதில் பொருளில்லை.

வளர்ந்த குட்டியும் ஒவ்வொரு முறை சட்டை உரிப்பதற்கு முன் இரையை ஒதுக்கும். கண்கள் நீலம் கலந்த பால் நிறமாக மங்கும், உடல் பளபளப்பு போய் வெளிறும். அந்த நேரத்தில் கண் சரியாகத் தெரியாது என்பதால் பயமும் கூடும். விட்டுவிடுங்கள். சட்டை முழுதாக உரிந்து இரண்டு நாள் கழித்து நீட்டினால் பல குட்டிகள் தயங்காமல் எடுக்கும்.

மூன்றாவது, இடமாற்றம். வீட்டுக்கு வந்த குட்டியை ஒரு வாரம் தொடவே கூடாது. தண்ணீர் மாற்றவும் கழிவை எடுக்கவும் மட்டும் கை உள்ளே போகலாம். படம் எடுப்பது, நண்பர்களுக்குக் காட்டுவது, "கைக்குப் பழக்குவது" எல்லாம் தொடர்ந்து மூன்று முறை ஒழுங்காக இரை எடுத்த பிறகு.

இதோடு விற்றவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். உங்களிடம் எத்தனை முறை சாப்பிட்டது? என்ன சாப்பிட்டது, சுண்டெலிக் குஞ்சா, பெரிய எலியின் குஞ்சா, உறையவைத்ததா, உயிருள்ளதா? எந்தப் பெட்டியில், எந்த நேரத்தில்? பிரச்சினையில் பாதி இந்தப் பதில்களிலேயே தீர்ந்துவிடும். உயிருள்ள சுண்டெலிக்குப் பழகிய பால் பைத்தானுக்கு நீங்கள் உறையவைத்த பெரிய எலிக் குஞ்சை நீட்டினால், அது அதை இரையென்றே எண்ணாது. "எல்லாம் சாப்பிடும் சார்" என்று மட்டும் பதில் வந்தால், அந்தக் குட்டி அங்கே ஒரு முறைகூடச் சாப்பிடவில்லை என்று வைத்துக்கொண்டு தொடங்குவதே நல்லது.

இரண்டாம் படி: தராசு

கண்ணால் பார்த்து "மெலிந்துவிட்டது" என்று சொல்வதை நம்பாதீர்கள். நகைக்கடையில் பயன்படுத்துவது மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள். கார்ன் ஸ்நேக் குட்டி பொரிந்து வரும்போது 5 முதல் 8 கிராம்தான் இருக்கும். அதற்கு ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு காட்டும் தராசு வேண்டும். பால் பைத்தான் குட்டி பெரும்பாலும் 50 முதல் 80 கிராம் வரை இருக்கும். சமையல் தராசே போதும்.

வாரம் ஒரு முறை, ஒரே நேரத்தில், மூடியுள்ள ஒரு சின்ன டப்பாவில் விட்டு எடை பாருங்கள். நோட்டில் தேதியோடு எழுதுங்கள். கழிவு போட்ட அன்றும் சட்டை உரித்த அன்றும் எடை சட்டென்று குறையும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். வாரா வாரம் தொடர்ந்து இறங்குகிறதா என்பதுதான் கேள்வி. தொடக்க எடையில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டால் கவனத்தைக் கூட்ட வேண்டும். 6 கிராம் கார்ன் ஸ்நேக்குக்கு அது அரை கிராமைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதனால்தான் தராசு.

எடை அப்படியே நிற்கிறது, குட்டி சுறுசுறுப்பாக இருக்கிறது என்றால் உங்களிடம் நிறைய நேரம் இருக்கிறது. பால் பைத்தான் குட்டி பல வாரம் சாப்பிடாமல் இருந்தும் சில கிராம்தான் இழக்கும்.

மூன்றாம் படி: பெட்டி

இங்கேதான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன்.

முதலில் அளவு. ஆசைப்பட்டு வாங்கிய மூன்றடி கண்ணாடித் தொட்டியில் ஒரு சாண் நீளக் குட்டியை விட்டால் அது நான்கு பக்கமும் வெட்டவெளியாக உணரும். காட்டில் இந்த வயதுக் குட்டியைத் தின்னக் காத்திருப்பவை ஏராளம், பறவையிலிருந்து பெரிய பாம்பு வரை. மறைய இடமில்லாத குட்டி வேட்டையாடத் துணியாது. மூடியை அழுத்திப் பூட்டும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று, செருப்புப் பெட்டி அளவில், பக்கங்களில் சூடான கம்பியால் சிறு துளைகள் போட்டது, கார்ன் ஸ்நேக் குட்டிக்கு முதல் சில மாதத்துக்குப் போதும். பால் பைத்தானுக்கு அதைவிட ஒரு அளவு பெரியது. தொட்டிதான் இருக்கிறது என்றால் மூன்று பக்கமும் வெளியே காகிதம் ஒட்டிவிடுங்கள். உள்ளே காய்ந்த இலை, பிளாஸ்டிக் செடி, டிஷ்யூ பேப்பர் சுருள் என்று நிரப்புங்கள். பார்க்க அழகாக இருக்காது, பரவாயில்லை.

மறைவிடம் இரண்டு வேண்டும்: சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. இரண்டும் ஒரே மாதிரி இருக்கட்டும். இல்லையென்றால் பிடித்த மறைவிடத்துக்காகத் தேவையான வெப்பத்தை விட்டுக்கொடுத்து அங்கேயே கிடக்கும். மறைவிடம் என்றால் பாம்பு சுருண்டால் முதுகும் பக்கங்களும் சுவரில் உரச வேண்டும், வாசல் ஒன்றே ஒன்று இருக்க வேண்டும். கடையில் விற்கும் அரைவட்ட மரப்பட்டை இரு பக்கமும் திறந்திருக்கும், பால் பைத்தானுக்கு அது மறைவிடமே கிடையாது. கவிழ்த்த சின்ன மண்சட்டியில் வாசல் வெட்டி, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கி வைத்தால் போதும்.

அடுத்தது வெப்பம். பாம்பு இரையைச் செரிப்பது வெளியிலிருந்து கிடைக்கும் சூட்டை வைத்து. சூடு போதவில்லையென்றால் சாப்பிடாது, சாப்பிட்டாலும் கக்கிவிடும். கார்ன் ஸ்நேக்குக்குச் சூடான பக்கத்தின் தரை 29 முதல் 31 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 22 முதல் 25. பால் பைத்தானுக்குச் சூடான பக்கம் 31 முதல் 33, மறுபக்கம் 25 முதல் 27. இதைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. சுவரில் ஒட்டும் வட்ட மானி காட்டுவது காற்றின் வெப்பத்தை, அதுவும் அரைகுறையாக. ஒயரோடு கூடிய டிஜிட்டல் மானியின் முனையைச் சூடான மறைவிடத்துக்குள், பாம்பின் வயிறு படும் இடத்தில் வையுங்கள். பெட்டிக்கு அடியில் சூடு தரும் ஹீட் மேட் போட்டால், வெப்பத்தை ஒரே அளவில் நிறுத்தும் தெர்மோஸ்டாட் கட்டாயம். தெர்மோஸ்டாட் இல்லாத மேட் 45 டிகிரியையும் தாண்டிப் போய் வயிற்றைச் சுட்டுவிடும். சூடாகும் கல் என்று ஒன்று விற்கிறார்கள், அதை வாங்கவே வேண்டாம்.

சென்னையிலோ மதுரையிலோ வளர்ப்பவர்களுக்குப் பிரச்சினை தலைகீழ். மே மாதத்தில் அறையே 35 டிகிரிக்கு மேல் நிற்கும்போது கார்ன் ஸ்நேக்குக்கு ஒதுங்க இடமே இருக்காது. வெயிலில் துவண்ட பாம்பு தண்ணீர்க் கிண்ணத்தில் போய் விழுந்து கிடக்கும், இரையைத் திரும்பிப் பார்க்காது. வீட்டிலேயே குளிர்ந்த அறையின் தரையில், வெயில் படாத மூலையில் பெட்டியை வையுங்கள். பகலில் மேட்டை நிறுத்திவிடலாம். டொராண்டோவிலும் லண்டனிலும் இருப்பவர்களுக்குக் குளிர்காலத்தில் இன்னொரு தொல்லை: ஹீட்டர் ஓடும் அறையில் ஈரப்பதம் வறண்டு போகும். பால் பைத்தானுக்கு 60 சதவீதத்துக்குக் குறையாமல் ஈரப்பதம் வேண்டும். கோகோ பீட் என்ற தேங்காய் நார்த்தூளைப் பரப்பி, ஒரு மூலையில் தண்ணீர் ஊற்றி நனைத்து வைத்தால் நிற்கும். கார்ன் ஸ்நேக்குக்கு 40 முதல் 60 போதும். ஆனால் ஈரமான பாசி வைத்த ஒரு சின்ன டப்பா உள்ளே இருந்தால் சட்டை நன்றாக உரியும்.

பெட்டி எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், கதவு அடிக்கும் இடத்தில், பூனை ஏறி உட்காரும் மேசையில் இருந்தால் இடத்தை மாற்றுங்கள்.

இவ்வளவையும் திருத்திய பிறகு ஐந்து முதல் ஏழு நாள் சும்மா இருங்கள். அப்புறம் முன்பு எதைச் சாப்பிட்டதோ அதே இரையை நீட்டுங்கள்.

நான்காம் படி: இரையின் அளவும் சூடும்

கார்ன் ஸ்நேக் குட்டிக்கு அன்றோ முந்தின நாளோ பிறந்த, மயிர் முளைக்காத சுண்டெலிக் குஞ்சு. வளர்ப்பவர்கள் பிங்கி என்பார்கள். எடை ஒன்றிலிருந்து இரண்டு கிராம். இருப்பதிலேயே சின்னதைத் தேர்ந்தெடுங்கள். மறுக்கும் குட்டிக்குப் பெரிய இரை மிரட்டலாகத் தெரியும். பால் பைத்தானுக்கு அதன் எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம்: 60 கிராம் குட்டிக்கு 6 முதல் 9 கிராம் வரை உள்ள, மயிர் முளைத்துக் கண் திறந்த சுண்டெலிக் குட்டியோ பெரிய எலியின் குஞ்சோ.

உறையவைத்த இரையை முந்தின இரவு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், மூடிய டப்பாவில் வைத்து இளக விடுங்கள். கொடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஜிப் கவரில் போட்டுச் சூடான குழாய்த் தண்ணீரில் பத்து பதினைந்து நிமிடம் மூழ்க வையுங்கள். கொதிநீர் வேண்டாம், வெந்துவிடும். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம், வெளியே வெந்து உள்ளே உறைந்திருக்கும், சில சமயம் வெடிக்கவும் செய்யும். வயிற்றை விரலால் அமுக்கிப் பாருங்கள். நடுவில் கெட்டியாக இருந்தால் இன்னும் இளகவில்லை. இதற்கென்று தனிப் பாத்திரம், தனி இடுக்கி வையுங்கள். ஊர்வனவும் தீவன எலிகளும் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கக்கூடியவை. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், சின்னக் குழந்தைகளை அந்தப் பக்கம் விடக்கூடாது.

பால் பைத்தானின் மேலுதட்டில் வரிசையாகச் சிறு குழிகள் இருக்கும். வெப்பத்தை உணரும் உறுப்புகள் அவை. இருட்டில் இரையின் சூட்டை வைத்தே குறி பார்க்கும். ஆகவே அதற்குக் கொடுக்கும் எலியின் தலை மட்டுமாவது உடல் சூட்டுக்கு, அதாவது 38, 40 டிகிரிக்கு வர வேண்டும். இரையை ஈரம் போகத் துடைத்து, ஹேர் டிரையரால் தலையில் சில விநாடி சூடு காட்டி உடனே நீட்டுங்கள். ஆறிப்போன எலியை அது சுற்றி வந்து முகர்ந்துவிட்டுப் போய்விடும். பாம்புக்குப் பசியில்லை என்று நாம் நினைத்துக்கொள்வோம். கார்ன் ஸ்நேக்குக்கு இந்தக் குழிகள் கிடையாது. அதற்கு வாசனைதான் எல்லாம், மிதமான சூடு போதும்.

ஐந்தாம் படி: நீட்டும் விதம்

இரண்டுக்கும் பொதுவானது நேரம்: இருட்டிய பிறகு, விளக்கை அணைத்து.

கார்ன் ஸ்நேக் குட்டிக்கு இடுக்கியை மறந்துவிடுங்கள். மேலிருந்து வரும் எதுவும் அதைப் பயமுறுத்தும். சூடான மறைவிடத்தின் வாசலில் எலிக்குஞ்சை ஒரு சின்ன மூடியில் வைத்துவிட்டுப் பெட்டியை மூடி, அறையை விட்டே போய்விடுங்கள். காலையில் பாருங்கள். இருந்தால் எடுத்து எறிந்துவிடுங்கள். மறுபடி உறையவைக்கக் கூடாது.

பால் பைத்தானுக்கு இடுக்கிதான் நல்லது. அது பதுங்கியிருந்து அடிக்கும் வேட்டைக்காரன். எலியைத் தோளுக்குப் பின்னால் பிடித்து, பாம்பின் முகத்துக்கு நேராகக் குத்தாமல், மறைவிடத்தின் வாசலுக்குப் பக்கவாட்டில் சற்றுத் தள்ளி மெல்ல அசையுங்கள். நாக்கைக் கவனியுங்கள். முதலில் நாக்கு வேகமாக வந்து போகும். ஆர்வம் வந்ததும் நிதானமாக, நீளமாக வெளியே வந்து கீழும் மேலும் ஆடும். கழுத்து பின்னால் இழுத்து வளைந்து, தலை எலியின் அசைவைத் தொடர்ந்து திரும்பும். அப்போது அசைவைக் குறைத்து, நீங்கள் மூச்சுகூடச் சத்தமில்லாமல் விடுங்கள். அடித்துச் சுற்றிக்கொண்டதும் இடுக்கியை இழுக்காமல் விட்டுவிட வேண்டும். சில குட்டிகள் சுற்றிப் பிடித்த எலி அசையாவிட்டால் விட்டுவிடும். இடுக்கியால் எலியின் வாலை இரண்டு முறை லேசாகச் சுண்டினால் இறுக்கிக்கொள்ளும்.

தலையைச் சுருளுக்குள் புதைத்துப் பந்தாகிவிட்டதா? அன்றைய முயற்சி முடிந்தது. இரையை வாசலில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். மறுநாள் திரும்ப நீட்டக்கூடாது. அடுத்த முயற்சி ஐந்து முதல் ஏழு நாள் கழித்துத்தான். மறுக்கும் குட்டியைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த இடைவெளியைப் பொறுக்காத கைகள்.

ஆறாம் படி: தந்திரங்கள், ஒவ்வொன்றாக

பெட்டி சரி, இரை சரி, மூன்று நான்கு முயற்சி தோற்றது என்றால் இனி இரையின் வாசனையில் கை வைக்கலாம். ஒரு முறைக்கு ஒரு மாற்றம். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது.

முதலாவது, கழுவுதல். எலிக்குஞ்சை வாசனையில்லாத சோப்பில் மெதுவாகத் தேய்த்து, சோப்பு துளியும் இல்லாமல் பல முறை அலசி, சூடாக்கி வையுங்கள். பண்ணை வாசனையும் நம் கை வாசனையும் போய்விடும். இவ்வளவு எளிமையான வேலை பல கார்ன் ஸ்நேக் குட்டிகளிடம் பலித்திருக்கிறது.

இரண்டாவது, சின்ன டப்பா. மூடியில் துளை போட்ட, தயிர் டப்பா அளவுள்ள ஒன்றில் டிஷ்யூ பேப்பர் போட்டு, குட்டியையும் எலிக்குஞ்சையும் ஒன்றாக வைத்து மூடி, அந்த டப்பாவைப் பெட்டியின் மிதமான பகுதியில் இரவு முழுக்க இருட்டில் வையுங்கள். மேட்டின் மேல் நேராக வைக்காதீர்கள். ஒடுங்கிய இடம், விலக முடியாத வாசனை. பல குட்டிகள் காலையில் வயிறு புடைத்துக் கிடக்கும்.

மூன்றாவது, இறந்த எலிக்குஞ்சின் தலையை ஊசியால் குத்தி உள்ளிருக்கும் திரவத்தை மூக்கில் பூசுவது. அருவருப்பான வேலைதான். ஆனால் கார்ன் ஸ்நேக்கிடமும், அமெரிக்காவின் இன்னொரு வளர்ப்புப் பாம்பான கிங் ஸ்நேக்கிடமும் இதற்கு நல்ல பலன் உண்டு.

நான்காவது, வேறு விலங்கின் வாசனை. காட்டில் கார்ன் ஸ்நேக் குட்டிகள் முதலில் தின்பது அனோல் என்ற சின்ன மரப்பல்லிகளையும் மரத்தவளைகளையும். சுண்டெலி அவற்றுக்குப் பின்னால் வரும் உணவு. ஆகவே ஒரே முறையில் பொரிந்த குட்டிகளில் எலிக்குஞ்சை இரையென்றே அறியாத ஒன்றிரண்டு இருக்கலாம். பல்லி உரித்துப் போட்ட தோலை எலிக்குஞ்சின் மூக்கில் ஒட்டினால் சட்டென்று பிடிக்கும். வளர்க்கும் பல்லி வைத்திருக்கும் நண்பரிடம் கேட்டு வாங்குங்கள். சுவரில் ஓடும் பல்லியைப் பிடித்து அப்படியே தேய்க்காதீர்கள். ஒட்டுண்ணியும் பூச்சிமருந்தும் வரும். ஹாக்னோஸ் என்ற பன்றிமூக்குப் பாம்பு இயல்பில் தேரை தின்பது. அதன் குட்டிகள் எலியை மறுப்பது வளர்ப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை. தண்ணீரில் போட்ட, உப்பில்லாத சூரை மீன் டின்னின் சாற்றில் எலிக்குஞ்சை முக்கி நீட்டுவது அவற்றிடம் பலிக்கும்.

பால் பைத்தானுக்கு வேறு வாசனை. மேற்கு ஆப்பிரிக்காவில் சின்னப் பால் பைத்தான்கள் பறவைகளையும் நிறையத் தின்கின்றன. கோழிக்குஞ்சு அல்லது காடைக்குஞ்சின் இறகை எலியின் மேல் தேய்த்துப் பாருங்கள். எலிக்கூண்டில் கிடந்த மரச்சீவலில் இளகிய எலியைப் புரட்டி எடுப்பதும் உதவும். ஆப்பிரிக்க மென்மயிர் எலி கிடைக்கும் நாடுகளில் அது கடைசி அஸ்திரம். பால் பைத்தானின் சொந்த ஊர் எலி அது.

உயிருள்ள இரையைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். கண் திறக்காத எலிக்குஞ்சால் பாம்பைக் கடிக்க முடியாது. அதனால் கார்ன் ஸ்நேக் குட்டிக்கு ஒரு முறை முயன்று பார்ப்பதில் பாம்புக்கு ஆபத்தில்லை. மயிர் முளைத்துப் பல் வளர்ந்த எலியைப் பாம்போடு விட்டுவிட்டுப் போவது வேறு. பசியில்லாத பாம்பின் முதுகை எலி எலும்பு தெரியுமளவுக்குக் கொறித்துவிடும். என் கருத்தில் உயிர் இரை கடைசிப் பக்கத்தில் இருக்க வேண்டியது. எலிக்கும் அது கொடுமை, பிறகு பாம்பை உறைந்த இரைக்கு மாற்றும் வேலையும் உங்கள் தலையில் விழும்.

நம் வீடுகளில் யாராவது பால் வைக்கச் சொல்வார்கள். புற்றுக்குப் பால் ஊற்றுவது வழிபாடு, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் பாம்பால் பாலைச் செரிக்க முடியாது. தாகத்தில் தவிக்கும் பாம்பு எந்தத் திரவத்தையும் குடிக்கும், அவ்வளவுதான். முட்டை உடைத்து வைப்பது, வைட்டமின் சொட்டு விடுவது, பசி வரும் என்று தினமும் வெந்நீரில் குளிப்பாட்டுவது ஆகியவையும் வேண்டாம். கார்ன் ஸ்நேக், கிங் ஸ்நேக் குட்டிகளைச் சில வாரம் குளிரில் வைத்து எழுப்பும் முறை ஒன்று அனுபவமுள்ள வளர்ப்பாளர்களிடம் உண்டு. புதியவர்கள் அதைத் தொட வேண்டாம். வெப்பநாட்டுப் பாம்பான பால் பைத்தானுக்கு அதை யாருமே செய்யக்கூடாது.

ஏழாம் படி: வாயில் வைத்து ஊட்டுவது

எடை பதினைந்து சதவீதம் போலக் குறைந்துவிட்டது, முதுகெலும்பு கூரை மாதிரி தூக்கித் தெரிகிறது, மேலே சொன்ன எதுவும் பலிக்கவில்லை. அப்போதுதான் இது. ஒரு முறையாவது மருத்துவரோ அனுபவசாலியோ செய்வதை நேரில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். கார்ன் ஸ்நேக் மாதிரி நூல் போன்ற குட்டிகளின் தாடை மிக மெல்லியது.

இருப்பதிலேயே சின்ன எலிக்குஞ்சு. பெரிதாக இருந்தால் பாதியாக வெட்டிய தலைப்பகுதி. தண்ணீரில் நனைத்து வழுக்கலாக்குங்கள். மடியில் துணி விரித்து உட்கார்ந்து, குட்டியின் தலைக்குப் பின்னால் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மெல்லப் பிடிக்க, உடல் முழுக்க உள்ளங்கையில் தாங்கி இருக்கட்டும். எலிக்குஞ்சின் மூக்கையே உதட்டின் முன்பக்கம் வைத்து லேசாக அழுத்தினால் பெரும்பாலும் வாய் திறக்கும். உலோகம் எதுவும் உள்ளே போகக்கூடாது. வாயின் அடித்தளத்தில் முன்பக்கம் ஒரு சின்னக் குழாய் திறந்து மூடுவது தெரியும், அதுதான் மூச்சுக்குழல். அதை அடைக்காமல் எலிக்குஞ்சின் தலையை உள்ளே வைத்து, பின்னோக்கி வளைந்த பற்களில் மாட்டும்வரை மட்டும் தள்ளி, வாயை மூடி ஒரு கணம் பிடித்திருங்கள்.

பிறகு குட்டியை மெதுவாகப் பெட்டியில் இறக்கிவிட்டு அசையாமல் நில்லுங்கள். கையை எடுக்கும் வேகத்தில்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள். முதல் சில நிமிடம் குட்டி எலியை வாயில் கவ்வியபடி சிலைபோல் இருக்கும். ஒரு பக்கத் தாடை மட்டும் லேசாக நகரும். அப்புறம் மறுபக்கம். அது தொடங்கிவிட்டால் தானே விழுங்கிவிடும். துப்பிவிட்டால் இன்னொரு முறை முயலலாம், மூன்றைத் தாண்ட வேண்டாம். அடுத்த முயற்சிக்கு ஐந்தாறு நாள் விடுங்கள். தொண்டைக்குள் முழுதாகத் திணிப்பதும், குழாய் விட்டுத் திரவ உணவு கொடுப்பதும் மருத்துவர் வேலை.

மருத்துவரிடம் எப்போது?

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் தந்திரங்களை நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள். மூச்சில் விசில் சத்தம், மூக்கிலோ வாயிலோ நுரை, வாயைத் திறந்து தலையைத் தூக்கி மூச்சு விடுவது: மூச்சுத் தொற்று. ஈறில் சிவப்பு, பாலாடைக்கட்டி போன்ற வெள்ளைப் படிவு: வாய்ப்புண். தண்ணீர்க் கிண்ணத்தின் அடியில் மிளகுத்தூள் தூவியது மாதிரி நகரும் கருப்புப் புள்ளிகள்: சிற்றுண்ணி. அவை இருக்கும்வரை பாம்பு தண்ணீரிலேயே கிடக்கும், இரை எடுக்காது. திரும்பத் திரும்பக் கக்குவதோடு வயிற்றின் நடுப்பகுதி வீங்குவது கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். மற்றப் பாம்புகளுக்கும் பரவும் என்பதால் உடனே தனிமைப்படுத்துங்கள்.

தலையை மேலே முறுக்கி ஆட்டும் பால் பைத்தானைப் பார்த்தால் அது எந்த நிற வகை என்று கேளுங்கள். ஸ்பைடர் என்ற நிற வகைக்கு அந்த ஆட்டம் பிறவியிலேயே உண்டு. அடிக்கும்போது குறி தவறுவதால் சாப்பாடும் தடுமாறும். பிறவியில் இல்லாமல் திடீரென்று வந்தால் நரம்புக் கோளாறாக இருக்கலாம்.

நாய், பூனை பார்க்கும் எல்லா மருத்துவருக்கும் ஊர்வன பழக்கம் இருக்காது. குட்டி வாங்கும் முன்பே பார்க்கக்கூடிய ஒருவரைத் தேடி வையுங்கள். போகும்போது எடை எழுதிய நோட்டையும், இருந்தால் புதுக் கழிவையும் எடுத்துப் போங்கள்.

சாப்பிட்ட பிறகு

முதல் இரை உள்ளே போன சந்தோஷத்தில் உடனே கையில் எடுக்காதீர்கள். நான்கு நாள் தொட வேண்டாம். சாப்பிட்டதும் வேறு இடத்துக்கு மாற்றினால் கக்கும் வாய்ப்பு உண்டு. அதனால்தான் சின்ன டப்பா முறையில்கூட, காலையில் குட்டியைக் கையில் தூக்காமல் டப்பாவின் மூடியைத் திறந்து பெட்டிக்குள்ளேயே வைத்துவிடச் சொல்கிறேன். தானே வெளியே வரும்.

கக்கிவிட்டால் பெட்டியின் வெப்பத்தை மறுபடி அளந்து பாருங்கள். பத்து முதல் பதினான்கு நாள் தண்ணீர் மட்டும் வைத்துவிட்டு, முந்தியதில் பாதி அளவு இரையிலிருந்து தொடங்குங்கள். வயிற்றின் செரிமானத் திரவம் பழைய நிலைக்கு வர அவ்வளவு நாள் வேண்டும்.

தொடர்ந்து எடுக்கத் தொடங்கிய குட்டிக்குக் கார்ன் ஸ்நேக் என்றால் ஐந்திலிருந்து ஏழு நாளுக்கு ஒன்று, பால் பைத்தான் என்றால் ஏழு நாளுக்கு ஒன்று. இவ்வளவு நாள் பட்டினி என்று அளவைக் கூட்டவோ நாளைக் குறைக்கவோ வேண்டாம். பல்லி வாசனைக்கு எடுத்த குட்டியை உடனே வெறும் எலிக்கு மாற்றினால் பின்வாங்கும். முதல் முறை முழு உடலிலும் தேய்த்தால், அடுத்ததற்குத் தலையில் மட்டும், அதற்கடுத்து மூக்கு நுனியில் மட்டும் என்று குறைத்துக்கொண்டே வாருங்கள். சில குட்டிகள் நான்கைந்து இரையில் மாறிவிடும். சில பிடிவாதக்காரக் குட்டிகளுக்கு மாதக்கணக்கில் ஆகும். அவற்றுக்காகப் பல்லித்தோல் துண்டு கொஞ்சம் ஜிப் கவரில் போட்டு ஃப்ரீசரில் எப்போதும் இருக்கட்டும், மேலே பெயர் எழுதி ஒட்டி.